இடைச்சுரமும் தேர்ப்பாகனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை என்பது இப்பத்தாண்டுக் காலத்தில் நாம் பழுதின்றிக் காத்துவரும் மரபு. இன்றும் அம்மரபு பிறழவில்லை. அதற்காகத் தலைவர் அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். என்னைப் பொறுத்தவரை அவ்வருத்தம் தேவையில்லை. நான் பேச எடுத்துக்கொண்ட பொருளே தாமதம்தான். அயல்நாட்டில் உழைத்தவன் வீடு திரும்பும்போது வழியில் சிக்கிக்கொண்டு, மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் சில வேளைகளில் வாரக்கணக்கிலும் காத்துக் கிடக்கிறானே, அந்தத் தாமதம். பதினெட்டு ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் கணக்கராய்ப் பணிபுரிந்தவன் என்ற ஒரு தகுதியைத் தவிர இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

இலக்கிய வட்டத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் முன்னோர் அகத்திணைகளுக்கு உரிப்பொருள் வகுத்தபோது பாலைக்குப் பிரிதலையும் முல்லைக்கு இருத்தலையும் வைத்தனர். பிரிந்து போகிறவனுக்கு ஒரு திணை. அவன் வருமளவும் மனையில் ஆற்றியிருப்பவளுக்கு ஒரு திணை. இவற்றோடு, துறை வகுத்தோர் ஆண்ட ஓர் அரிய சொல்லும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அது 'இடைச்சுரம்' என்பது. பொருள் தேடிப் புறப்பட்டவன் பாலை நிலத்தின் நடுவழியில் நின்று தன் நெஞ்சோடு பேசுகிறான். முன்னே போனால் பொருள். பின்னே திரும்பினால் மனை. இரண்டும் எட்டாத இடத்தில் அவன் நிற்கிறான். அந்த இடத்துக்குத்தான் இடைச்சுரம் என்று பெயர்.

திரும்பி வரும் வழியில் அவன் நிலை வேறு. வினை முடித்து மீளும் தலைவன் தன் தேர்ப்பாகனோடு பேசுகிறான். விரைந்து செலுத்து என்கிறான். கார் வந்துவிட்டது என்கிறான். அவள் காத்திருப்பாள் என்கிறான். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் 'தேர்வியங்கொண்ட பத்து' என்றே ஒரு பத்து இருக்கிறது. தேரைச் செலுத்துமாறு பாகனை ஏவும் பாடல்கள் அவை. அத்தலைவனுக்கும் தாமதம் உண்டு, தவிப்பும் உண்டு. ஆனால் அவனுக்கு முன்னே ஒரு மனிதன் அமர்ந்திருக்கிறான். இவன் சொல்வதை அவன் கேட்கிறான். எவ்வளவு தொலைவு இருக்கிறது, குதிரை எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்த ஒருவன், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான்.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். இன்று வீடு திரும்புகிறவனுக்குத் தேர் மிக வேகமானது. ஆனால் பேசுவதற்குப் பாகன் இல்லை. தாமதத்தில் அவனை வாட்டுவது கழிந்துபோகும் நேரம் மட்டுமன்று. ஏன் நிற்கிறோம், எவ்வளவு நேரம் நிற்போம் என்ற மெய்யான சொல்லை அவனுக்குச் சொல்ல ஆள் இல்லாமைதான் அதனினும் மிகுதியாக வாட்டுகிறது.

கப்பல் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல், சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1973 வரை ஓடியது. இந்த அரங்கில் உள்ள முதியவர்களில் சிலர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்திருக்கலாம். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை அணைய ஆழம் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும்; பயணிகள் படகில் இறங்கிக் கரை சேர வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் அப்படகுப் பயணம் பெரும்பாடு. ஏழெட்டு நாள் கடலைக் கடந்து வந்தவனுக்குக் கடைசி ஒன்றிரண்டு மைல்தான் நெடுந்தொலைவாய்த் தோன்றியிருக்கும். ஆயினும் அக்காலத்து வீடுகள் கப்பலை மணிக்கணக்கில் எதிர்பார்க்கவில்லை. 'இந்த மாதம் இரண்டாம் வாரம் வருகிறேன்' என்று கடிதம் வரும். வாரக்கணக்கில் எதிர்பார்ப்பவர்க்கு ஒரு நாள் தாமதம் தாமதமாகவே தெரியாது. எதிர்பார்ப்பு எவ்வளவு நுணுக்கமாகிறதோ அவ்வளவுக்குத் தாமதமும் கூர்மையாகிறது. நான்கு மணி நேரத்தில் திருச்சிக்கோ சென்னைக்கோ கொண்டுவந்து இறக்கும் விமானம் வந்த பிறகுதான், நான்கு மணி நேரத் தாமதம் என்பதற்கே ஒரு பொருள் உண்டாயிற்று.

கப்பலும் இல்லாதுபோன காலமும் உண்டு. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதன்பின் 1942இல் லட்சக்கணக்கான இந்தியர், அவர்களுள் தமிழர் பலர், மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் திரும்ப முற்பட்டனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பல்லாயிரவர். அவர்களுடைய இடைச்சுரம் முடிவற்றதாகவே போயிற்று.

அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், என் தலைமுறையினரின் கண்முன்னே இன்னோர் இடைச்சுரம் விரிந்தது. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் நுழைந்தன. அப்போது குவைத்தில் ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். விமான நிலையம் மூடப்பட்டது. அதுவரை சில மணி நேரத்தில் கடந்த வழியை அவர்கள் தலைகீழாகக் கடக்க வேண்டியதாயிற்று. கிழக்கே உள்ள தாயகத்தை அடைவதற்கு மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பேருந்திலும் லாரியிலும் காரிலும் பஸ்ரா, பாக்தாத் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சென்று, ஜோர்தான் எல்லையை அடைந்தார்கள். பலருடைய கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது. பலருடைய சேமிப்பு குவைத்து தினாரில் இருந்தது. ஒரு குவைத்து தினாருக்கு ஓர் ஈராக்கிய தினார்தான் என்று படையெடுத்தவர்கள் விதித்தபோது, பல ஆண்டு உழைப்பு சில வாரங்களில் மதிப்பிழந்தது.

ஈராக்குக்கும் ஜோர்தானுக்கும் இடைப்பட்ட அந்த வெட்டவெளியில் எகிப்தியர், இந்தியர், வங்கதேசத்தவர், இலங்கையர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்று பல்லாயிரவர் தேங்கி நின்றனர். இலங்கையரில் பெருந்தொகையினர் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த பெண்கள். பகலில் கூடாரத் துணியையும் மீறி வரும் வெயில், இரவில் குளிர், நாள் முழுவதும் புழுதி, தண்ணீருக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை, பெயர் பதிய வரிசை. பாலை என்றால் நமக்குப் பாட்டில் வரும் நிலம். அவர்களுக்கு அது உள்ளங்காலில் சுட்ட நிலம்.

அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று பேசினார். 1990 ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை, 59 நாட்களில், ஏர் இந்தியா விமானங்கள் அம்மானிலிருந்து பம்பாய்க்கு 488 முறை பறந்தன. 1,11,000 பேருக்கு மேல் அவ்வழியே தாயகம் வந்தனர். உலகில் விமானம் மூலம் நடந்த மிகப்பெரிய மீட்புகளுள் ஒன்று என்று அது போற்றப்படுகிறது, அப்புகழ் தகும். ஆனால் 59 நாட்கள் என்பதை வரிசையின் முடிவில் நிற்பவனின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். முதல் நாள் ஏறியவனுக்கு அது மீட்பு. கடைசி வாரம் வரை பெயர் அழைக்கப்படாதவனுக்கு அது நாள்தோறும் கேட்கும் ஒரு பட்டியல். தன் பெயர் இல்லாத பட்டியல்.

அக்கூடாரங்களில் சில வாரம் கிடந்து மீண்ட ஒருவரோடு பின்னாளில் நான் ஒரே அறையில் தங்கியிருந்தேன். பசியைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசமாட்டார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: "இன்னும் பத்து நாள் ஆகும் என்று ஒருவன் சொல்லியிருந்தால் பத்து நாளும் படுத்துத் தூங்கியிருப்பேன். நாளைக்கு நாளைக்கு என்றார்கள். ஒரு நாளும் தூங்கவில்லை." பத்து நாள் என்பது கொடுமையான செய்திதான். ஆனால் அது செய்தி. அதன்மேல் மனிதன் தலைசாய்க்க முடியும்.

இங்கே ஒன்றைக் கூற வேண்டும். அப்போரினால் இழப்புற்றவர்களுக்கு ஈடு செய்ய 1991இல் ஐக்கிய நாடுகள் அவை ஜெனிவாவில் ஓர் ஆணையம் அமைத்தது. அதில் முதல் வகைக் கோரிக்கை எதற்குத் தெரியுமா? இழந்த வீட்டுக்கோ பணத்துக்கோ அன்று. 1990 ஆகஸ்டு 2க்கும் 1991 மார்ச்சு 2க்கும் இடையில் ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேற நேர்ந்ததற்கு. தனியொருவருக்கு 2,500 முதல் 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 முதல் 8,000 டாலர் என்று அதற்கு அளவு வகுத்தார்கள். வெளியேறிய துன்பமே ஓர் இழப்பு, அதற்கே ஈடு உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது. அப்பணம் வந்து சேர்வதிலும் ஆண்டுக்கணக்கில் தாமதம் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

போரும் படையெடுப்பும் என்றும் நிகழ்வன அல்ல. அன்றாடம் நிகழும் சிறிய இடைச்சுரம் ஒன்றையும் நான் சொல்ல வேண்டும்.

2008ஆம் ஆண்டு, இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்து விடுப்பில் ஊர் வந்துகொண்டிருந்தேன். வளைகுடாவின் ஒரு விமான நிலையத்தில் எங்கள் விமானம் 31 மணி நேரம் தாமதமாயிற்று. விமான நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. விடுப்பில் வருகிறவனுக்குத் தாமதத்தின் கணக்கு தனி. போகும்போது தாமதமானால் அது முதலாளியின் நேரம். வரும்போது தாமதமானால் அது மனைவி மக்களின் நேரம். திரும்ப வேண்டிய நாள் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வழியில் கழியும் ஒவ்வொரு மணியும் வீட்டுப் பங்கிலிருந்துதான் கழியும்.

எங்களோடு புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். கட்டட வேலை செய்பவர். தந்தை இறந்த செய்தி கேட்டு, அவசர விடுப்பில் வந்துகொண்டிருந்தார். அவர் மூத்த மகன். ஊரில் உடலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு இவருக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் ஊரிலிருந்து தொலைபேசி வரும். "எப்பப்பா வருவே?" என்று தாய்மாமன் கேட்பார். இவர் ஓடிப்போய் முகப்பில் இருந்தவரைக் கேட்பார். "இரண்டு மணி நேரம்" என்பார்கள். அதை இவர் மாமனிடம் சொல்வார். அங்கே பங்காளிகள் கூடிப் பந்தலில் அமர்ந்து அந்த இரண்டு மணி நேரத்தை எண்ணுவார்கள். இரண்டு மணி கழிந்ததும் இங்கே மறுபடியும் இரண்டு மணி என்பார்கள். இப்படியே ஓர் இரவும் மறுநாள் நண்பகலும் சென்றன.

முதல் மணியிலேயே 'நாளை இரவுதான் புறப்படும்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. கடன்பட்டாவது வேறு விமானத்தில் சீட்டு எடுத்திருக்கலாம். நாங்களே திரட்டிக் கொடுத்திருப்போம். அல்லது ஊரிலே இவரை எதிர்பாராமல் காரியத்தை நடத்தியிருக்கலாம். சொல் கிடைக்காததால் இரண்டு வழியும் அடைபட்டன. இரண்டாம் நாள் பிற்பகல், இனிமேல் வைத்திருக்க முடியாது என்று ஊரார் முடிவு செய்தார்கள். தம்பி கொள்ளி வைத்தார். மாமன் தொலைபேசியைச் சங்கு ஊதுபவரின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார். சுடுகாடு வரை அந்தச் சங்கொலியை இவர் விமான நிலையத்து நாற்காலியில் அமர்ந்து கேட்டார்.

தலைமுழுக வேண்டும் என்றார். எங்கே முழுகுவது? காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் அவரைக் கைப்பிடியாய் அழைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். கைகழுவும் குழாயிலிருந்து தண்ணீர்ப் புட்டியில் நீர் பிடித்து அவர் தலையில் ஊற்றினார். தம் தோளிலிருந்த துண்டால் துவட்டிவிட்டார். நானும் இன்னும் மூவரும் வாசலில் காவல் நின்றோம். துப்புரவுப் பணியாளரான வங்கதேசத்து இளைஞர் தரை நனைந்ததைக் கண்டு ஏதோ சொல்ல வந்தவர், நிலைமையை உணர்ந்து, தாமே துடைப்பத்தை எடுத்து ஓரமாய் நின்றுகொண்டார். பெரியவர், "தம்பி, இனி அழுவணும்னா அழு" என்றார். அதுவரை அவர் அழவில்லை என்பதை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம்.

அந்த 31 மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே மெய்யான சொல் அதுதான். அதைச் சொன்னவர் விமான நிறுவனத்தின் ஊழியர் அல்லர். எங்களைப் போலவே சிக்கிக்கொண்ட பயணி.

இது உணர்ச்சிக்காகச் சொன்ன கதை என்று நினைக்க வேண்டா. உலகின் சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பன்னாட்டு வான்பயணத்தில் தாமதத்தால் விளையும் இழப்புக்கு நிறுவனமே பொறுப்பு. தன்னால் இயன்ற நியாயமான நடவடிக்கை அனைத்தையும் எடுத்ததாக மெய்ப்பித்தால்தான் விலக்கு என்கிறது 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றி 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறை இன்னும் நுட்பமானது. நெடுநேரம் காத்திருக்கும் பயணிக்கு உணவு தரவேண்டும். இரவு தங்க நேர்ந்தால் விடுதி தரவேண்டும். இவற்றோடு, கட்டணமின்றி இரண்டு தொலைபேசி அழைப்புகளும் தரவேண்டும் என்று அதில் எழுதினார்கள். சோறு, படுக்கை, சொல். இம்மூன்றையும் ஒரே வரிசையில் வைத்த அந்தச் சட்ட வரைவாளர்களை நான் மனத்துக்குள் வணங்குவதுண்டு. இந்தியாவிலும் விமானத் தாமதத்துக்கும் ரத்துக்கும் உரிய உணவு, தங்குமிட வசதிகளை வரையறுத்து 2010இல் விதிகள் வந்தன.

'இயற்கை செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம்' என்று ஒரு வாதம் உண்டு. 2010 ஏப்ரல் 14இல் ஐஸ்லாந்து நாட்டின் எய்யாப்யாட்லயேகுட்ல் என்ற பனிமூடிய எரிமலை பெருவெடிப்பாய்ச் சாம்பலைக் கக்கியது. அடுத்த நாள் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஏறத்தாழ 1,00,000 பறப்புகள் நின்றன. 1 கோடிப் பயணிகள் வரை பாதிக்கப்பட்டனர். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதன்று. அது பொடியான பாறையும் கண்ணாடித் துகளும். விமான எந்திரத்தின் உள்வெப்பத்தில் அது உருகும். பிறகு சற்றுக் குளிர்ந்த பகுதிகளில் படிந்து இறுகிக் காற்றோட்டத்தை அடைக்கும். ஆகவே பறக்காதிருந்தது அறிவுடைமை. அதில் எவரையும் குறை சொல்ல முடியாது. ஆயினும் 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த எரிமலையை ஒட்டி எழுந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, நிறுத்தத்துக்கு நிறுவனம் காரணமில்லை என்றாலும் காத்திருப்பவரைப் பேணும் கடமையிலிருந்து அதற்கு விலக்கில்லை என்று உறுதிபடக் கூறியது. மழை பெய்தது உன் குற்றமன்று. ஆனால் திண்ணையில் ஒதுங்கியவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடாதது உன் குற்றம். நம் ஊரில் இதைச் சொல்ல நீதிமன்றம் தேவைப்பட்டதில்லை.

அந்தச் சாம்பலின் தன்மையை உலகுக்கு உணர்த்திய பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் அறியாமல் புகுந்தது. நான்கு எந்திரங்களும் நின்றுவிட்டன. தலைமை விமானி எரிக் மூடி, ஒலிபெருக்கியில் பயணிகளிடம் ஒளிவின்றிச் சொன்னார்: நான்கும் நின்றுவிட்டன, மீண்டும் இயக்க எங்களால் இயன்றதெல்லாம் செய்கிறோம் என்பது அதன் சாரம். பின்னர் எந்திரங்கள் உயிர்பெற்றன. விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. வானத்தில் எந்திரமெல்லாம் நின்றபோது ஒரு பாகனால் மெய் சொல்ல முடிந்ததென்றால், தரையில் விளக்கொளியில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரால் ஏன் முடியாது?

இனி 2020. அவ்வாண்டு மார்ச்சு 22 முதல் இந்தியாவுக்கு வரும் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 7இல் 'வந்தே பாரத்' என்ற பெயரில் மீட்பு விமானங்கள் தொடங்கும் வரை, ஆறு வாரங்களுக்கு மேல், அயலகத் தமிழன் வீடு திரும்ப வழியே இல்லை. அதற்குப் பின்னும் வேலை இழந்தவர், நோயாளி, கருவுற்ற பெண், முதியவர் என்று முறை வகுத்து, பதிந்தவர்களைத் தூதரகங்கள் ஒவ்வொருவராய் அழைத்தன. 2020 ஜூன் 2இல் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில்தான் கப்பலேறினர். நூறாண்டுக்கு முந்தைய வழக்கமான வழி, நம் காலத்தில் மீட்பு வழியாகத் திரும்பி வந்தது. அந்தக் கோடையில் எத்தனை பேர் தாய் தந்தையரின் இறுதிப் பயணத்தைக் கைப்பேசித் திரையில் கண்டார்கள் என்பது நம் தெருக்களுக்கே தெரியும்.

அன்பர்களே, முல்லைப்பாட்டை நினைவுகூருங்கள். பத்துப்பாட்டில் மிகச் சிறியது; 103 அடிகள்; நப்பூதனார் பாடியது. தலைவன் போர்ப் பாசறையில் இருக்கிறான். தலைவி மனையில் ஆற்றியிருக்க முயல்கிறாள். முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி வழிபட்டு ஊர்ப்புறத்தே சென்று நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். விரிச்சி கேட்டல் என்பது அதன் பெயர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றிடம், உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஓர் ஆயர்மகள் ஆறுதல் கூறுவது அவர் காதில் விழுகிறது. அச்சொல்லைக் கொண்டுவந்து தலைவிக்கு உரைக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காத்திருத்தலுக்கு மருந்து சொல் என்று நம்மவர் அறிந்திருந்தனர். அந்த மருந்தை மனையில் இருப்பவர்க்கு வைத்துப் பாடினார்கள். நம் காலத்தில் அது வழியில் இருப்பவர்க்கும் வேண்டியிருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

முதலாவது, நம் ஊரின் இளையவர்களுக்கு. இன்று உங்களில் பலர் விமான நிலையங்களிலும் பயண நிறுவனங்களிலும் வேலை பார்க்கிறீர்கள். நாளை தூதரகங்களிலும் பணி ஏற்பீர்கள். முகப்புக்கு இப்பால் நிற்பவர்களின் மகனாகவும் மகளாகவும் இருந்துவிட்டு, அப்பால் போய் அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள்தான் இக்காலத்துத் தேர்ப்பாகர். விமானத்தை உங்களால் புறப்படச் செய்ய முடியாது. அது எவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்ல முடியும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியும். 'தெரியாது, ஆனால் ஆறு மணிக்கு நானே வந்து தெரிந்ததைச் சொல்கிறேன்' என்று சொல்லி, ஆறு மணிக்கு வந்து நின்றால் போதும். அந்த ஒரு சொல்லை நம்பி முன்பின் அறியாத ஒரு கூட்டம் அமைதியாய் உறங்கும். பொய்யான இரண்டு மணி நேரத்தைவிட மெய்யான இருபது மணி நேரம் இரக்கமுடையது.

இரண்டாவது, நம் வட்டத்துக்கு. கடல் கடந்த தமிழர் வாழ்வைச் சொல்லும் படைப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஒன்றே போதும், அவ்வாழ்வின் ஆழத்தைக் காட்ட. ஆயினும் போனதையும் அங்கே பட்டதையும் எழுதிய அளவுக்கு, வரும் வழியில் காத்துக் கிடந்ததை நாம் எழுதவில்லை. வந்து சேர்ந்தவனிடம் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டோம். வழியில் என்ன நேர்ந்தது என்று கேட்கவில்லை. அவனும் பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குச் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு அதை மறந்துபோனான். இரண்டாம் பத்தாண்டில் நம் வட்டம் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். ரஜூலாவில் வந்தவர், அம்மான் வழியே வந்தவர், 2020இல் பட்டியலில் பெயர் பார்த்து வந்தவர் என்று இவ்வூரில் இன்னும் பலர் இருக்கிறார்கள். வீடு வீடாகச் சென்று, எத்தனை நாள் நின்றீர்கள், யாரோடு நின்றீர்கள், அப்போது உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னவாறே எழுதிவைப்போம். ரஜூலாவின் பயணிகள் மிக முதியவர்கள். அந்தப் பணியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.